கொரோனா காலத்தில் கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தம்பிக்காகக் கேட்கிறேன்

அயனாவரம்_அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்து 11 வாரம் ஆகிறது. அம்மாதான் கொடுத்தார்கள். கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு) 1.1ல் நிற்கிறது, டாக்டருக்கும் திருப்தி. பிரச்சினை இப்போது அவன் மனசில்தான். மறுபடி கொரோனா என்று டிவியில் சொன்னதிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான்.

நேற்று ராத்திரி அவனுடைய மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மைகோபினோலேட் மூன்று வேளைக்கானது அப்படியே கிடக்கிறது. ஏன்டா என்று கேட்டால், "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு இந்த நேரத்தில் எப்படிக்கா இருப்பது" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டு அத்தை வேறு கபசுரக் குடிநீர் பொடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், அன்பாகத்தான். 2020, 21ல் இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவனிடம் படித்துக் காட்ட வேண்டும்.

பெரம்பூர்_லோகோ

முதலில் ஒரு விஷயம், அக்கா. இதைப் படித்த உடனே உங்கள் ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டருக்குப் போன் போடுங்கள். காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மூன்று வேளை விட்டுப்போனதைச் சொல்லுங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு மடங்காகக் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி, என் கதை. எனக்கு 2018 கடைசியிலிருந்து டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். என் அக்கா கொடுப்பதாக முடிவாகி, திசுப் பொருத்தம், கிராஸ் மேட்ச், ஆதார், ரேஷன் கார்டு, அவள் கல்யாணச் சான்றிதழ், கமிட்டி முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது என்று எல்லாம் முடிந்து, 2020 ஏப்ரல் முதல் வாரம் தேதி குறித்திருந்தார்கள். மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144. அந்த வாரமே போன் வந்துவிட்டது. அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் தள்ளிவைப்பு, உயிரோடு இருப்பவர் கொடுக்கிற கிட்னியும் அதில் சேர்த்தி. டயாலிசிஸ் இருக்கிறதே, ஆள் காத்திருக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதம் எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடியோடு அழுத்தி வைத்திருப்பார்கள், அந்த நேரத்தில் வார்டுக்குள் கொரோனா நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் போனை வைத்துவிட்டு அக்கா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. கொடுக்கிறேன் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டு, ஒன்பது கிலோ எடை குறைத்து வைத்திருந்தவள் அவள்.

டயாலிசிஸுக்கு ஊரடங்கு கிடையாது. பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை, ஆட்டோ இல்லை. பெரம்பூரிலிருந்து புரசைவாக்கத்துக்கு மச்சான் பைக்கில் போவேன். மடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபைல். ஒருநாள் ஓட்டேரியில் மறித்த போலீஸ்காரர், நான் ஃபைலை எடுப்பதற்குள் என் இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இணைத்துவிட்ட ரத்தக்குழாய்) புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவுக்கும் இருந்தது, போங்க தம்பி" என்றார். எங்கள் ஷிப்டில் எட்டு பேர். காய்ச்சல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், ஆர்டி-பிசிஆர் முடிவு வர இரண்டு நாள், பாசிட்டிவ் என்றால் வேறு சென்டர் தேட வேண்டும். டயாலிசிஸ் இரண்டு நாள் தள்ளிப்போனால் மூச்சு வாங்கும். ஜூலை முடிவதற்குள் எட்டில் மூன்று படுக்கையில் வேறு ஆட்கள். அந்த மூன்று பேரைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் தண்ணீர்தான் பெரிய கொடுமை. சிறுநீர் போகாதவனுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே அரை லிட்டர், அதற்குள் காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். அக்னி நட்சத்திரம், வீட்டை விட்டு வெளியே போக முடியாது, மேல் மாடி, ஓடு கொதிக்கிறது. காலையில் அரை லிட்டர் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்வேன். மத்தியானம் மூன்று மணிக்கு அது எவ்வளவு மீதி இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு என் வாழ்க்கை. அம்மா ஐஸ் டிரேயில் தண்ணீர் ஊற்றி வைத்து, கட்டியை எண்ணி எண்ணிக் கொடுப்பார்கள்.

2020 நவம்பரில் கூப்பிட்டார்கள். நானும் அக்காவும் தனித்தனி அறையில் இரண்டு வாரம் அடைந்து கிடந்தோம், இரண்டு முறை பரிசோதனை. உள்ளே போனபின் கூட இருக்க யாருக்கும் அனுமதி இல்லை. நர்ஸ்கள் பிபிஇ கவசத்துக்குள் இருந்ததால் யார் யார் என்று முகம் தெரியாது, நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் பேர் எழுதி ஒட்டியிருப்பார்கள். அக்கா நாலாவது மாடி, நான் ஆறாவது மாடி. கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து என் உடம்பிலிருந்து வந்த சிறுநீர். அந்த நர்ஸ் முகத்துக்கு நேராகக் காட்டி, "பாருங்க, உங்க அக்கா வேலை" என்றார். மறுநாள் வீடியோ காலில் அக்கா. வலியில் பேச முடியவில்லை, கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி குடிச்சியாடா?" அன்றைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு முழு டம்ளரை நான் நிறுத்தாமல் குடிப்பதை அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது வெளியே கிளம்ப வேண்டும். மாத்திரையை விட்ட கதை எனக்கும் உண்டு, ராத்திரி வந்து எழுதுகிறேன்.

அயனாவரம்_அக்கா

ரொம்ப நன்றிங்க. கோஆர்டினேட்டரிடம் பேசிவிட்டேன். திட்டவில்லை, அதுவே பெரிய நிம்மதி. அடுத்த வேளையை வழக்கம்போலக் கொடுக்கச் சொன்னார், நாளைக் காலையில் ரத்தம் எடுக்க வரச் சொன்னார். தண்ணீர் விஷயத்தைப் படித்துவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஐஸ் டிரே இருந்தது.

வடபழனி_2016

நான் 2016ல் மாற்றிக்கொண்டவன். எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. 2020 லாக்டவுனில் மாத்திரை கிடைக்காமல் திண்டாடி, டாக்ரோலிமஸை, அதுவும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரைதான், நானாகவே பாதியாகக் குறைத்தேன், ஐந்து மாதம். கபசுரக் குடிநீரும் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கிரியேட்டினின் 1.4. உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும். தம்பி கொஞ்சம் குறைத்துக்கொண்டால் குடி முழுகிப்போகாது.

சலைன்_பாட்டில்

வடபழனி சார், உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததில் உண்மையாகவே சந்தோஷம். ஆனால் இதை 11 வாரத்துப் பையனுக்குச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், 14 வருஷமாக இதே வேலை. மாற்றிய கிட்னி போய்த் திரும்பவும் எங்களிடம் வந்து படுக்கிறவர்களைப் பார்க்கிறவன். அதில் பலர் சொல்கிற முதல் வாக்கியம் "ஒண்ணும் ஆகலையேன்னு குறைச்சேன்" என்பதுதான்.

நாலு வருஷமான கிட்னியும் மூன்று மாதக் கிட்னியும் ஒன்றில்லை. ஆரம்ப மாதங்களில்தான் உடம்பு அதை அந்நியன் என்று துரத்தப் பார்க்கும், அதனால்தான் அப்போது டோஸ் அதிகம், போகப்போகக் குறைப்பார்கள். இன்னொன்று, கிட்னிக்கு வலிக்கத் தெரியாது. உள்ளே தாக்குதல் நடந்தால் காய்ச்சல் வரலாம், சிறுநீர் குறையலாம், கால் வீங்கலாம், எதுவுமே தெரியாமலும் போகலாம். உடம்பு சொல்வதைக் கேளுங்கள் என்கிறீர்கள், இந்த விஷயத்தில் உடம்பு சொல்லாது சார், ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். 1.4 என்பது உங்களுக்கு முன்பு எவ்வளவு இருந்தது? சிறுநீரில் புரதம் பார்த்தீர்களா? கோபமாகக் கேட்கவில்லை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கபசுரக் குடிநீரைப் பற்றி. 2020ல் தெருவுக்குத் தெரு அண்டா வைத்துக் கொடுத்தார்கள், எங்கள் வீட்டிலும் குடித்தோம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் போடுகிற 15 சரக்கில் சீந்திலும் ஒன்று, அது எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஊரே எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொள்ளப் பார்த்த அந்த வருஷத்தில், அதை இறக்கி வைத்தால்தான் உயிர் என்று இருந்தவர்கள் இவர்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு மருந்தாக இருப்பது இவர்களுக்கு ஆகாது. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தம்பிக்கு மட்டும் வேண்டாம்.

அதே மாதிரி பப்ளிமாஸ் பழம் வேண்டாம், டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறும். தலைவலி, உடம்புவலி என்று கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடவே கூடாது. கொரோனாவுக்கே கொடுக்கிற பாக்ஸ்லோவிட் மாத்திரைகூட டாக்ரோலிமஸைத் தாறுமாறாக ஏற்றிவிடும், அதனால் காய்ச்சல் வந்தால் பக்கத்து கிளினிக்கில் முதல் வார்த்தையே "எனக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது" என்பதாக இருக்கட்டும்.

நாளைக்கு ரத்தம் எடுக்கப் போகிறீர்களே, டாக்ரோ லெவலும் பார்ப்பார்கள். முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போய் நின்றால் கணக்கு தப்பாக வரும். மாத்திரையைக் கையில் எடுத்துப் போங்கள், ரத்தம் கொடுத்த கையோடு போட்டுவிடலாம்.

பெரம்பூர்_லோகோ

வந்துவிட்டேன். சலைன் அண்ணா எழுதியதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2021 ஏப்ரல், மே. ரெம்டெசிவிர் வாங்க கீழ்ப்பாக்கத்தில் ஜனங்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் கிடந்த நாட்கள். எனக்கு அப்போது ஆபரேஷன் ஆகி ஆறாவது மாதம். எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் நாலு சாவு. ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுந்து உட்கார்ந்து கேட்பேன். தம்பி நினைக்கிற அதே கணக்கைத்தான் நானும் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மைகோபினோலேட்டைக் காலையில் மட்டும் போட்டேன், ராத்திரி வேளையைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் போட்டேன். அக்காவிடம்கூட "போட்டாச்சு" என்றேன். 12 நாள்.

மாதாந்திரப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2லிருந்து 2.3. சிறுநீரும் குறைந்திருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள். பயாப்ஸியில் உடம்பு கிட்னியை நிராகரிக்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி, நரம்பு வழியாக, பெரிய டோஸ். யோசித்துப் பாருங்கள். கொரோனா வந்துவிடும் என்று பயந்து மாத்திரையைக் குறைத்தவன், கொரோனா உச்சத்தில் இருந்த மே மாதத்தில், நான் தவிர்க்க நினைத்ததைவிடப் பல மடங்கு மருந்தை ஏற்றிக்கொண்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே பத்து நாள் கிடந்தேன். கீழே வாசலில் ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது ஜன்னல் வழியே தெரியும்.

கிட்னி தப்பித்தது. ஆனால் 1.7க்குக் கீழே அதற்கப்புறம் இறங்கவே இல்லை, இன்று வரைக்கும். நான் மறைத்தது தெரிந்தும் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அலமாரியிலிருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்து என் முன்னால் வைத்து, மாத்திரையை ஒவ்வொன்றாக எண்ணினாள். 12. எண்ணி முடித்துவிட்டு எழுந்து போனாள்.

தம்பியிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். பயப்படாதே என்று சொல்லாதீர்கள், பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முகக்கவசம் போடட்டும், கூட்டத்துக்குப் போக வேண்டாம், சளி பிடித்தவர்கள் வீட்டுக்கு வர வேண்டாம், கல்யாணம் காதுகுத்து எல்லாம் இந்த வருஷம் போகட்டும். பயத்தையெல்லாம் அதில் காட்டட்டும், மாத்திரையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மயிலை_மாடவீதி

நான் கல்லீரல் பக்கத்து ஆள். என் வீட்டுக்காரருக்கு 2021 ஜனவரியில் மாற்றினார்கள். எங்களுக்குக் கொடுக்க உறவில் யாரும் பொருந்தவில்லை, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்து கொடுக்கிற அரசு அமைப்பான ட்ரான்ஸ்டான் பட்டியலில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். 2020 முழுக்கப் பட்டியல் நகரவே இல்லை. ஊரடங்கில் ரோட்டில் வண்டி இல்லை, விபத்து குறைந்தது, மூளைச்சாவும் குறைந்தது. விபத்து குறைந்தது நல்ல விஷயம் இல்லையா? கபாலி கோயில் மூடியிருந்த நாட்களில் வெளிக்கதவுக்கு முன்னால் நின்று நான் என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன். எனக்கு ஒரு கல்லீரல் வேண்டும் என்று வேண்டினால் அது யாரோ ஒரு அம்மாவுக்கு என்ன செய்தி? கடைசியில் "அவர் வலியில்லாமல் இருக்கட்டும்" என்று மட்டும் வேண்டிக்கொண்டு வருவேன்.

கொடுத்தவர் யார் என்று எங்களிடம் சொல்லமாட்டார்கள், அதுதான் விதி. வேறு மாவட்டத்துப் பையன் என்று மட்டும் காதில் விழுந்தது. ஊரே முடங்கிக் கிடந்த நேரம், உறவுக்காரர்கள்கூட வந்து அழ முடியாத நேரம், அப்போது அந்த வீட்டில் யாரோ ஒருவர் சரியென்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி மகன் ஹிதேந்திரனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் கொண்டுபோனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கின்றன, பேர் தெரியாமல். 2023ல் உடல் உறுப்புக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று முதல்வர் அறிவித்த அன்று இவர் டிவி முன்னால் எழுந்து நின்றார். அந்த நாள், செப்டம்பர் 23, வந்தால் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுவோம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் இவருக்குக் கொரோனா வந்தது. அப்போது மைகோபினோலேட்டை நிறுத்தினார்கள், உண்மைதான். ஆனால் நிறுத்தியது டாக்டர். டாக்ரோலிமஸையும் ஸ்டீராய்டையும் விடாமல், ரத்தம் பார்த்துப் பார்த்து, பத்து நாளில் திரும்ப ஆரம்பித்தார்கள். நாமாக நிறுத்துவதும் அதுவும் ஒன்றாகாது. ஊசி பற்றியும் கேளுங்கள். 2021 மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேல் இணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றபோது அந்தப் பட்டியலிலேயே கிட்னி, கல்லீரல் மாற்றியவர்கள் இருந்தார்கள், டாக்டர் சான்றிதழோடு போய் இவர் போட்டுக்கொண்டார். மருந்து சாப்பிடுவதால் ஊசி நமக்கு முழுசாகப் பிடிக்காது என்றார்கள், அதனால் வீட்டில் நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டோம், அவரைச் சுற்றி ஒரு வேலி மாதிரி. தம்பிக்கு எப்போது எந்த ஊசி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கிற மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

கொடுத்தவள்_நான்

ஒரே ஒரு கேள்வி. அம்மா எப்படி இருக்கிறார்கள்?

2020 டிசம்பரில் என் கணவருக்குக் கொடுத்தவள் நான். எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள், அது சரிதான், நானும் அவரைத்தான் கேட்டேன். ஆனால் இரண்டு வருஷம் நான் ஒரு பரிசோதனைக்கும் போகவில்லை. கொரோனா, ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயம், எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் பிரஷர் 160. யாராவது முன்பே அளந்து பார்த்திருந்தால் ஒரு மாத்திரையோடு போயிருக்கும். கொடுத்தவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், வலி மாத்திரை அவர்களுக்கும் ஆகாது. நாளை தம்பியைக் கூட்டிப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையோடு.

வடபழனி_2016

சலைன் தம்பி, குறைப்பதற்கு முன்னால் எனக்கு 1.0. எழுதும்போதுதான் யோசித்தேன். சிறுநீரில் புரதம் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை போகிறேன். அயனாவரம் அம்மா, நான் முன்னால் எழுதியதைத் தம்பிக்குக் காட்ட வேண்டாம்.

அயனாவரம்_அக்கா

காட்டிவிட்டேன் சார், எல்லாவற்றையும்தான் படித்துக் காட்டினேன். உங்களுடையதையும், அதற்கு வந்த பதிலையும். பெரம்பூர்க்காரர் அக்கா மாத்திரையை எண்ணிய இடம் வந்தபோது அவன் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்துவிட்டான். அம்மா பக்கத்தில் உட்காரவில்லை, இரண்டு நாற்காலி தள்ளி, மாஸ்க்கோடு. போதும்.

அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தே ஐந்து வாரம் ஆகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. நாளைக்கு மூன்று பேருமாகப் போகிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு அவனே எழுந்து வந்து டப்பாவைத் திறந்து, எல்லாவற்றையும் என் முன்னால் போட்டுக்கொண்டான். காலை மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டு என் கைப்பையில் வைத்துவிட்டேன், ரத்தம் கொடுத்துவிட்டுத்தான். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.